ஏழாவது பூ

ஒரு பூவைத் தண்ணீரில் நிறுத்தி வைக்க எத்தனை ஆள் வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்?

என் வீட்டில் அரை ஆள் போதும். இடுப்பில் பிள்ளை, அடுப்பில் உலை, மிச்சமிருக்கிற ஒரு கையால் செம்பருத்தியை டம்ளரில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். ஆனால் ஆவாரங்குளத்தில் நாலு ஆண்பிள்ளைகளுக்கு நாலு நாள் பிடித்தது. ஒரு கடப்பாரை பிடித்தது, ஒரு வாழைமரம் பிடித்தது, இரண்டு கிலோ சர்க்கரை பிடித்தது. கடைசியில் ஒரு அத்தையும் பிடித்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அண்ணன் தம்பி நாலு பேர். மூத்தவன் தவசி. அடுத்தவன் மொக்கராசு. மூன்றாவது பவுன்ராசு. கடைசி சின்னாண்டி. இரண்டு ஏக்கரில் சம்பங்கி போட்டிருந்தார்கள். அதனால் பூவைப் பற்றித் தெரிந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுக்குப் பூ என்றால் கோணிப்பை. விடிகாலையில் பறிப்பார்கள், மூட்டை கட்டுவார்கள், வேனில் ஏற்றுவார்கள். அதோடு சரி. அந்த வீட்டுக்குள் ஒரு பூ போனது என்றால் யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம்.

அப்பா அம்மா போய்ச்சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. தவசிக்கு முப்பத்தாறு முடிந்துவிட்டது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மூத்தவனுக்கு ஆகாமல் இளையவனுக்குப் பேசக்கூடாது என்று அந்த வீட்டில் ஒரு முறை. பஸ் படியில் ஒருத்தன் ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் நின்றால், பின்னால் நிற்கிற மூன்று பேர் என்ன செய்வார்கள்? அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தம்பிகள் மூன்று பேரும் அப்படித்தான் வருஷக்கணக்காகத் தவசியின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு புதன்கிழமை தரகர் பிச்சைமுத்து வந்தார்.

"தவசி, இந்தத் தடவை படிஞ்சு வரும்போல இருக்குப்பா. பொண்ணு பேரு சுகந்தி. உன் போட்டோவைப் பார்த்துச் சரின்னுடுச்சு. பொண்ணோட அப்பா கதிரப்பனுக்கும் சம்மதம்."

"அப்புறம் என்ன, பந்தல் போட்டுடலாமா?" என்று மொக்கராசு எழுந்தான்.

"உட்காருப்பா. அந்த வீட்டுல யார் சம்மதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. கதிரப்பனுக்கு அக்கா ஒருத்தி இருக்கா, சௌந்தரம்னு. பொண்ணுக்கு அத்தை. அவ வாயில சரின்னு வரணும். இதுவரைக்கும் பதினோரு மாப்பிள்ளையைத் தட்டிவிட்டிருக்கா."

பொய்யில்லை. ஒருத்தன் வீட்டுச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு. ஒருத்தன் வீட்டு டம்ளரில் நசுங்கல். ஒருத்தன் வீட்டுப் பூனை அவளை முறைத்துப் பார்த்ததாம். ஒவ்வொரு முறையும் அவள் "வேண்டாம்" என்பாள். கதிரப்பன் "அக்கா சொன்னா சரி" என்பார். அந்த மனுஷன் பேசிப் பார்த்தவர்கள் எல்லாரும் அந்த மூன்று வார்த்தையைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

தரகர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஏதோ மாதப் பத்திரிகையில் கிழித்தது.

"அந்தம்மா குடுத்து விட்டுச்சு. 'நாலு ஆம்பளைங்க மட்டும் இருக்கிற வீடு மாட்டுக்கொட்டம் மாதிரிதான் இருக்கும். இதுல போட்டிருக்கிற மாதிரி ஹால்ல ஒரு அலங்காரம் அவங்க கையாலயே செஞ்சு வைக்கட்டும். ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன். இதுகூட முடியலைன்னா என் மருமக எதுக்கு அங்க வந்து கஷ்டப்படணும்?'னு சொல்லிடுச்சு. ஒண்ணும் பெரிய வேலை இல்லப்பா. இதுல இருக்கிறதை இருக்கிறபடி செஞ்சா போதும்."

இருக்கிறதை இருக்கிறபடி. யாரிடம் எதைச் சொல்வது என்று ஒரு கணக்கு இருக்கிறது. தரகருக்கு அது தெரியவில்லை.

பவுன்ராசுதான் தாளை வாங்கினான். எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன். அந்த வீட்டில் அவ்வளவு படிப்பு வேறு யாருக்கும் இல்லை. எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்து, வாசித்தான்.

"நவீன மலர் அலங்காரம், நீங்களே செய்யலாம். ஜாடி இல்லையே என்ற கவலை வேண்டாம். வீட்டில் சும்மா கிடக்கும் எந்தப் பாத்திரமும் ஜாடியாகும்."

நாலு பேரும் வீடு முழுக்கத் தேடினார்கள். செம்பில் தண்ணீர் இருந்தது, அது சும்மா கிடக்கவில்லை. குடத்திலும் தண்ணீர். குண்டானில் பழைய சோறு. கொல்லையில் தண்ணீர் பிடித்து வைக்கிற நீல டிரம் ஒன்று, மூன்றடி உயரம், காலியாக நின்றது.

"இதுதான் சும்மா கிடக்கு" என்றான் சின்னாண்டி.

"ஜாடி கிடைச்சிடுச்சு" என்றான் தவசி. முதல் வேலை முடிந்ததில் நாலு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் காலை தோட்டத்துக்குப் போய் ஏழு சம்பங்கித் தண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு நல்ல வளர்த்தி. பவுன்ராசு அடுத்த வரியை வாசித்தான்: "பூத்தண்டின் அடியைத் தண்ணீருக்குள் வைத்துச் சாய்வாக வெட்டவும்."

ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு கத்தி. நீங்களும் நானும் அதைத்தான் எடுப்போம். அவர்கள் மோட்டார்த் தொட்டிக்குப் போனார்கள். கழுத்தளவு தண்ணீரில் நாலு பேரும் இறங்கினார்கள். மொக்கராசு கையில் கதிர் அரிவாள்.

"அண்ணே, நாம எல்லாரும் இறங்கணுமா?" என்றான் சின்னாண்டி.

"தண்ணிக்குள்ளன்னுதானடா போட்டிருக்கு? கரையில நின்னு வெட்டுன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

பவுன்ராசு தாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். போடவில்லை.

மொக்கராசு மூச்சைப் பிடித்து முங்கினான். சாய்வாக என்று சொல்லியிருப்பதால் உடம்பை ஒருக்களித்துச் சாய்த்துக்கொண்டு, தண்ணீருக்குள் கண் தெரியாமல் வெட்டினான். மேலே வந்தபோது ஒரு கையில் சம்பங்கி இருந்தது, இன்னொரு கையில் சின்னாண்டியின் அரைஞாண் கயிறு இருந்தது.

ஏழு தண்டையும் வெட்டிக் கரையில் வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். நாலு தண்டின் வெட்டு கிழக்கே சாய்ந்திருந்தது, மூன்று மேற்கே சாய்ந்திருந்தது.

"ஒத்துமையா இல்லையே" என்றான் தவசி கவலையாக. "குடும்பத்துக்கு ஆகாது. மறுபடி வெட்டு."

மறுபடி முங்கினான். இந்தத் தடவை ஐந்து மேற்கே, இரண்டு கிழக்கே. மறுபடி. மறுபடி. தண்டைக் கையில் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினால் கிழக்கு மேற்காகிவிடும். பிள்ளைக்கு மை வைக்கும்போது முகத்தைத் திருப்புகிறோமே, அவ்வளவுதான் வேலை. நாலு தலையில் ஒன்றுக்கும் அது எட்டவில்லை. நாலு பேருக்கும் தும்மல் பிடித்துக்கொண்டதால் நிறுத்தினார்கள். மூன்றடித் தண்டு அதற்குள் ஒன்றரை அடியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே அடுத்த வரியைக் கேட்டார்கள்.

"பூவின் உயரம் ஜாடியின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். இதுவே அழகின் அளவு."

பவுன்ராசு தரையில் கரியால் கணக்குப் போட்டான். ஜாடி மூன்றடி. அப்படியானால் பூ நாலரை அடி. கையில் இருப்பதோ ஒன்றரை அடி.

நாலு பேரும் டிரம்மைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"பூவை நீளமாக்க முடியாது" என்றான் தவசி. "வெட்டினது வெட்டினதுதான்."

"அப்ப ஜாடியைக் குட்டையாக்கணும்" என்றான் மொக்கராசு. "ஒரு அடி ஜாடின்னா, ஒன்றரை அடி பூ சரியா வரும்."

"டிரம்மை அறுத்துடலாமா?"

"போடா கூறுகெட்டவனே! நல்ல டிரம்மு. அறுத்தா வீணாப்போயிடும்ல?"

வீணாக்கக் கூடாது. அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா? டிரம்மை ஹாலுக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். அதன் அடியைச் சுற்றிக் கரியால் வட்டம் போட்டார்கள். கடப்பாரையை எடுத்து, அவர்கள் அப்பா போட்டுவிட்டுப் போன சிமெண்டுத் தரையை உடைத்தார்கள். இரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டி டிரம்மை இறக்கி, சுற்றி மண் போட்டு இறுக்கினார்கள். இப்போது தரைக்கு மேலே தெரிந்தது சரியாக ஒரே அடி.

"பார்த்தியா, டிரம்முல ஒரு கீறல் இல்லை" என்று மொக்கராசு மார்தட்டினான்.

இரண்டு குடமாக மாற்றி மாற்றிச் சுமந்து டிரம்மை நிரப்பினார்கள். தவசி சாமியைக் கும்பிட்டுவிட்டு ஏழு சம்பங்கியையும் உள்ளே விட்டான். ஒன்றரை அடிப் பூ மூன்றடித் தண்ணீருக்குள் போனால் என்ன ஆகும்? போய்விட்டது. நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"உள்ள அழகாத்தான் இருக்கு" என்றான் சின்னாண்டி.

"அந்த சௌந்தரம் பெரியம்மா எட்டிப் பார்ப்பாங்களாடா?" என்றான் தவசி.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான் பவுன்ராசு. அதையும் சொல்லிவிடுகிறேன், அவன் செய்ததில் அது ஒன்றுதான் உருப்படி. கொல்லையில் குலை தள்ளி நின்ற வாழையைச் சாய்த்து, தண்டில் தட்டு மாதிரி ஒரு துண்டு நறுக்கி, அதில் ஏழு பூவையும் குத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டான். பூ நின்றது. ஒரு துண்டுக்காக வாழைமரத்தையே வெட்டினானே என்று கேட்காதீர்கள். குலையில் இருந்த காய் பிஞ்சு, இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் பழுத்திருக்கும் என்றும் சொல்லாதீர்கள். அவனை மெச்சிவிட்டேன், அது அப்படியே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை அடுத்த வரி. "பூக்கள் எப்போதும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இரட்டைப்படை அலங்காரத்தைக் கெடுத்துவிடும்."

"ஏழு இருக்கு. ஒற்றைப்படைதான்" என்றான் பவுன்ராசு.

"இப்ப ஏழு. 'எப்போதும்'னு போட்டிருக்கே?" என்றான் தவசி. "சின்னாண்டி, நீ இங்கயே இரு. எண்ணிக்கிட்டே இரு. ஒண்ணு குறைஞ்சா சத்தம் போடு."

சின்னாண்டி எண்ணினான். விரலை நீட்டி எண்ணியதில் விரல் வலித்தது. குச்சி ஒன்று இருந்தால் தேவலை என்று, டிரம்மில் இருந்த ஒரு சம்பங்கியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு மற்றதைத் தொட்டுத் தொட்டு எண்ணினான்.

"அண்ணே! ஆறு!"

தோட்டத்திலிருந்து மூன்று பேரும் ஓடிவந்தார்கள். தவசி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "இரட்டைப்படை ஆயிடுச்சே! என் கல்யாணம் போச்சே! உங்க கல்யாணமும் போச்சேடா!" என்று அழுதான். தம்பிகளும் அழுதார்கள். சின்னாண்டி கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோதுதான் கையில் பூ இருப்பது தெரிந்தது. அதைத் திரும்பத் தட்டில் குத்தினார்கள். ஏழு. அன்றைக்கு ஏற்பட்ட பயம் நாலு பேர் நெஞ்சிலிருந்தும் போகவே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"தண்ணீரைத் தினமும் மாற்றவும்" என்று ஒரு வரி. டிரம்மிலிருந்து இரண்டு குடம் மொண்டு சமையல்கட்டில் வைத்தார்கள். சமையல்கட்டில் இருந்த இரண்டு குடத்தைக் கொண்டுவந்து டிரம்மில் ஊற்றினார்கள். மறுநாள் சமையல்கட்டில் இருந்ததை டிரம்முக்கும் டிரம்மில் இருந்ததைச் சமையல்கட்டுக்குமாக மாற்றினார்கள். "மாத்தியாச்சு" என்றார்கள்.

"தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை கலந்தால் பூ வாடாது" என்று இன்னொரு வரி.

"நம்ம ஜாடிக்கு ஒரு கரண்டி எப்படிப் பத்தும்?" என்றான் மொக்கராசு. வீட்டில் இருந்த இரண்டு கிலோவையும் கொட்டிக் கலக்கினான். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஊரில் இருந்த கட்டெறும்பு எல்லாம் வரிசை கட்டி ஹாலுக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பவுன்ராசு கடைசிப் பத்தியை வாசித்தான். "அலங்காரத்தைச் சுற்றிலும் வெற்றிடம் விடவும். நவீன அலங்காரத்துக்கு வெற்றிடமே உயிர். காற்று நேரடியாகப் படாமல் பார்த்துக்கொள்ளவும். வருகிறவர் கண் முதலில் பூவின் மேல்தான் பட வேண்டும்."

உயிர் என்று போட்டிருந்ததால் நாலு பேரும் பயந்துவிட்டார்கள். கட்டில், பீரோ, டி.வி., நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சாமி காலண்டர், அப்பா அம்மா போட்டோ எல்லாவற்றையும் தூக்கி மாட்டுக்கொட்டத்தில் வைத்தார்கள். சுவரில் பல்லி ஒன்று இருந்தது, அதை விரட்ட ஒரு மணி நேரம். எறும்பை விரட்டப் பார்த்தார்கள், எறும்பு அவர்களை விரட்டியது. "அதுங்க தரையோட தரையாத்தானே போகுதுங்க, வெற்றிடத்துல சேராது" என்று தீர்ப்பு சொன்னான் தவசி. மாட்டை அவிழ்த்து வெளியே கட்டினார்கள், பீரோவுக்கு இடம் வேண்டுமே. சௌந்தரம் சொன்னது சரிதான் என்று எனக்கே தோன்றியது. வீடு மாட்டுக்கொட்டமாகவும் மாட்டுக்கொட்டம் வீடாகவும் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

காலை ஒன்பது மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. முன்னால் தரகர் இறங்கினார். பின்னால் கதிரப்பன், ஒல்லியான மனுஷன், கையில் பழப்பை. அவருக்குப் பின்னால் சௌந்தரம். நாலரை அடிதான் இருப்பாள், அதில் கொண்டை முக்கால் அடி. ஆனால் அவள் இறங்கியதும் ஆட்டோ ஒரு பக்கம் எழும்பி நிமிர்ந்தது.

அண்ணன் தம்பி நாலு பேரும் வாசலில் துண்டால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்னய்யா இது, நாலு பேருக்கும் ஒரே நாள்ல பல்வலியா?" என்றாள் சௌந்தரம்.

"இல்ல பெரியம்மா. பூ மேல காத்துப் படக்கூடாது. நாங்க மூச்சு விடுறோம்ல?" என்றான் தவசி துண்டுக்குள்ளிருந்து.

சௌந்தரம் தரகரைப் பார்த்தாள். தரகர் ஆகாயத்தைப் பார்த்தார்.

"சரி, உள்ள போகலாம், வழியை விடுங்க."

யாரும் வழியை விடவில்லை. நாலு பேரும் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள்.

"உள்ள போனா வெற்றிடம் போயிடுமேண்ணே?"

"போகாம எப்படிடா அலங்காரத்தைப் பார்ப்பாங்க?"

"கண்ணு வேற முதல்ல பூ மேல படணும். நடந்து போறப்போ நிலைப்படி மேல பட்டுடுச்சுன்னா?"

"கண்ணைக் கட்டிக் கூட்டிட்டுப் போவோம்" என்றான் பவுன்ராசு. "கண்ணைக் கட்டிட்டா அவங்க உள்ள இருக்கிறது அவங்களுக்கே தெரியாது. வெற்றிடம் வெற்றிடமாவே இருக்கும்."

எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தது வீண்போகவில்லை.

சௌந்தரம் குதித்தாள். "கண்ணைக் கட்டுறதா? நான் என்ன செக்குமாடா?"

தரகருக்குப் பன்னிரண்டாவது தடவையும் வெறுங்கையோடு திரும்ப மனமில்லை. "அம்மா, டவுன்ல இப்பல்லாம் இப்படித்தானாம். புதுசா எதைக் காட்டினாலும் கண்ணைக் கட்டித்தான் காட்டுறாங்களாம். உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியாததா என்று கேட்டுவிட்டால் சௌந்தரத்துக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. "தெரியும் தெரியும். என் சிநேகிதி வீட்டுலகூட இப்படித்தான்" என்று முகத்தை நீட்டினாள். அவள் கண்ணைத் தவசி துண்டால் கட்டினான். கதிரப்பன் தன் துண்டை எடுத்து அவரே கட்டிக்கொண்டார். "அக்கா சொன்னா சரி."

செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு, கையை முன்னால் நீட்டிக்கொண்டு, அக்காவும் தம்பியும் ஹாலுக்குள் நுழைந்தார்கள். தவசி சொல்லிக்கொண்டே வந்தான்: "நேரா வாங்க பெரியம்மா. இன்னும் நாலு அடி. இன்னும் மூணு அடி."

அந்த மூன்றாவது அடியில் எறும்பு வரிசை இருந்தது.

சௌந்தரம் ஒரு காலைத் தூக்கினாள். அப்புறம் அடுத்த காலைத் தூக்கினாள். அப்புறம் இரண்டையும் ஒன்றாகத் தூக்கினாள். "ஐயையோ!" என்று ஒரு கத்து, அதன் பின்னால் 'தொபுக்'கென்று ஒரு சத்தம். தண்ணீர் எழும்பி நாலு சுவரையும் நனைத்தது.

துண்டு நழுவிக் கழுத்தில் விழுந்தது. டிரம்முக்குள் நின்றாள் சௌந்தரம். இடுப்பு இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வாழைத்தண்டுத் தட்டு இரண்டாகப் பிளந்து, சம்பங்கிகள் அவளைச் சுற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாய்ந்து நின்றன. ஒன்று மட்டும் முறிந்து தரையில் கிடந்தது.

சின்னாண்டி வழக்கம்போல எண்ண ஆரம்பித்தான். அவன் வேலை அதுதானே.

"அண்ணே, பூ ஆறுதான் இருக்கு." தவசியின் முகம் வெளிறியது. சின்னாண்டி இன்னொரு முறை எண்ணினான். அவன் முகம் மலர்ந்தது. "பெரியம்மாவோட சேர்த்து ஏழு!"

பவுன்ராசு அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினான். டிரம் விளிம்பிலிருந்து கொண்டை முனை வரை பிடித்தான். "ஒன்றரை அடி! கொண்டையோட சேர்த்துச் சரியா ஒன்றரை!"

"பார்த்தவுடனே கண்ணு எங்க படுது?" என்றான் மொக்கராசு. "பெரியம்மா மேலதான் படுது. வேற எங்கயும் போகவே மாட்டேங்குது."

"டேய் தடியன்களா!" என்று சௌந்தரம் கத்தினாள். முகத்தில் சர்க்கரைத் தண்ணீர் பிசுபிசுவென்று வழிந்தது. "தூக்குங்கடா என்னை! இடுப்பு மாட்டிக்கிச்சுடா!"

"தூக்கினா ஆறாயிடும் பெரியம்மா" என்றான் தவசி பணிவாக.

தரகர் குறுக்கே வந்தார். "அட, அந்தம்மாவை எடுக்கிறப்போ ஒரு பூவையும் சேர்த்து எடுத்துடுங்கப்பா. மிச்சம் அஞ்சு. அதுவும் ஒற்றைப்படைதானே?"

நாலு பேரும் யோசித்தார்கள். மொக்கராசு தலையை ஆட்டினான்.

"எதை முதல்ல எடுக்கிறதுண்ணே? பூவை எடுத்தா பெரியம்மாவோட சேர்த்து ஆறு. பெரியம்மாவை எடுத்தா பூ மட்டும் ஆறு. எப்படி எடுத்தாலும் நடுவுல ஒரு நிமிஷம் இரட்டைப்படை ஆகுது."

"ரெண்டையும் ஒரே நேரத்துல எடுத்தா?"

"பூ வெடுக்குன்னு வந்துடும். பெரியம்மா வருவாங்களா?"

நியாயமான கேள்வி. நாலு பேரும் சௌந்தரத்தை ஏற இறங்கப் பார்த்தார்கள். வெடுக்கென்று வருகிற உடம்பாகத் தெரியவில்லை.

"டேய் கதிரப்பா!" என்று அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "அங்க மரம் மாதிரி நிக்கிறியே! கட்டை அவுத்துட்டு வந்து தூக்குடா! இந்த வீடும் வேண்டாம், இந்த மாப்பிள்ளையும் வேண்டாம். பன்னெண்டாவதும் வேண்டாம். சொல்லிட்டேன்!"

வேண்டாம் என்ற வார்த்தையைக் கேட்டதும் தவசி அப்படியே தரையில் உட்கார்ந்தான். தம்பிகள் மூன்று பேரும் அவன் முதுகைப் பார்த்தார்கள். இன்னும் எத்தனை வருஷம் அதே முதுகோ.

கதிரப்பன் மெதுவாகக் கண்கட்டை அவிழ்த்தார். பத்திரிகையில் போட்டிருந்தபடியே, அவர் கண் முதலில் அலங்காரத்தின் மேல் பட்டது. சுற்றிலும் வெற்றிடம். நடுவில் நீல ஜாடி. ஜாடியில் ஆறு சம்பங்கி, ஒரு அக்கா. பார்த்துக்கொண்டே நின்றார். அப்படி ஒரு சாந்தம் அந்த முகத்தில் எத்தனையோ வருஷமாக யாரும் பார்த்ததில்லை.

"அக்கா சொன்னா..." என்று வழக்கம்போல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பவுன்ராசுவின் கையிலிருந்து தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். படித்துவிட்டு டிரம்மைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தார். ஒன்று, இரண்டு என்று வாய்க்குள்ளேயே எண்ணினார்.

முட்டாள்கள் நாலு பேர் என்று இவ்வளவு நேரம் உங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். எண்ணிக்கையில் தப்பு. ஐந்து பேர். அதுவும் ஒற்றைப்படைதான்.

கதிரப்பன் தவசியின் தோளைப் பிடித்து எழுப்பினார். பழப்பையை அவன் கையில் கொடுத்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. குறை சொல்ல ஒண்ணும் இல்ல. அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி நல்ல முகூர்த்தம், வச்சுக்கலாம். அதுவரைக்கும் அக்காவை அசைக்க வேண்டாம், எடுத்தா ஆறாயிடும்."

"டேய் கதிரப்பா!" என்றது ஜாடி.

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்படி இறங்கினார். ஆட்டோவில் ஒரு காலை வைத்தவர், ஏதோ ஞாபகம் வந்து திரும்பி, கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்:

"ஒண்ணே ஒண்ணு மட்டும், மாப்ளே. தண்ணியைத் தினம் மறக்காம மாத்திடுங்க."